இரண்டாவது டிரைவ்

உன் பழைய ஃபிளாப்பி டிரைவின் காலிக் கூடு என் மேஜைமேல் கிடக்கிறது. இரும்புத் தகட்டில் செய்த, செங்கல் அளவுப் பெட்டி. அதன் வயிற்றில் இருந்ததையெல்லாம் எடுத்தாயிற்று. ஆனாலும் மூடியைத் தூக்கினால் அந்த வாடை வருகிறது. வெயிலில் கிடந்த சைக்கிள் டியூபும் சாலை போடும் தாரும் கலந்த ஒரு வாடை. உள்ளே சக்கரத்தைச் சுற்றியிருந்த ரப்பர் பெல்ட் இத்தனை வருஷத்தில் உருகிக் கறுப்புப் பாகாகிவிட்டிருந்தது. அதை வழித்தெடுத்ததில் என் கட்டைவிரல் நகத்தில் ஏறிய கறை மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை, எலுமிச்சைக்கும் போகவில்லை. வீட்டுக்கு வந்த ஒருத்தி மருதாணியா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி அவளிடம் எங்கேயிருந்து ஆரம்பிப்பது?

அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ படிக்கமாட்டாய் என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே நான் எழுதிய எதையும் நீ முழுதாகப் படித்ததில்லை. "நீட்டி முழக்காதடி, விஷயத்துக்கு வா" என்பாய். இந்த முறை என்னை அவசரப்படுத்த நீ இல்லை. என் வேகத்தில்தான் சொல்வேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிற நேரத்தில் உன் தம்பி போன் செய்தான். நினைவு நாளை ஊரிலேயே பெரிதாகச் செய்யப்போகிறார்களாம். பேராவூரணியிலிருந்து சாப்பாடு, சமுதாயக் கூடத்தில் பந்தல், ஃபிளக்ஸ் எல்லாம் சொல்லியாயிற்றாம். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தான். "அக்காவோட கம்ப்யூட்டர் உங்ககிட்டதானக்கா இருக்கு? அத நம்ம கூடத்துலயே கண்ணாடிப் பொட்டி செஞ்சு வச்சிடலாம்னு இருக்கோம். படத்துக்குப் பக்கத்துலயே. தேக்குச் சட்டம், உள்ள லைட்டு, எல்லாம் ஆசாரிகிட்ட சொல்லியாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அவன் ஆசையாகத்தான் சொன்னான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உன்னைக் கண்ணாடிக்குள் உட்காரவைக்க யாருக்கு மனசு வரும்? கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போதுகூட ஓரிடத்தில் நிற்காதவள் நீ. எந்தக் குழுப்படத்தை எடுத்துப் பார்த்தாலும் உன் முகம் கலங்கித்தான் இருக்கும்.

"தம்பி, அது ஓடுற மெஷினு. ஓடுற மெஷின யாராவது கண்ணாடிக்குள்ள வைப்பாங்களா?" என்றேன்.

"ஓடுதாக்கா?"

ஓடவில்லை. அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓட வச்சுக் கொண்டாறேன்" என்றேன். அவன் சிரித்தான். ஓடினால் நான் சொல்கிறபடி திறந்த மேஜையில், யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும். ஓடாவிட்டால் கண்ணாடி. அப்படித்தான் பேசி முடித்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஆட்டோவில் ஏற்றி அதை என் வீட்டில் கொண்டுவந்து இறக்கியவள் நீதான். விசைப்பலகையும் கணினியும் ஒரே உடம்பாக இருக்கும் அந்தக் காலத்து வீட்டுக் கணினி, வலப்பக்கம் ஃபிளாப்பித் தகடு போட ஒரு வாய், பச்சை எழுத்துக் காட்டும் கனத்த திரை, அதற்குப் பக்கத்தில் தனி வயரோடு இந்த வெளி டிரைவ். வெளி டிரைவின் மின்சாரப் பெட்டி புகைந்துவிட்டது என்று சொன்னாய். "கவலப்படாத. வெளிய இருக்கறதத் தூக்கி உள்ள வச்சிடுவோம். மெஷினோட கரண்டுலயே ஓடிடும். நான் திரும்பி வந்ததும் செய்வோம்" என்றாய். திரும்பி வருவதைப் பற்றி நீ சொன்ன ஒரே பொய் அது. நீயும் நம்பித்தான் சொல்லியிருப்பாய்.

உள்ளே ஏற்கெனவே ஒரு டிரைவ் இருந்ததே, அது எப்படிச் செத்தது என்று நினைவிருக்கிறதா? பட்டுக்கோட்டையில் உரக்கடை மாடியில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர். கீழே யூரியா மூட்டை, மேலே நாம். முதலாளிக்குத் தொழில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தான். சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை இந்த ஒரு மெஷினைக் கொண்டுவந்ததும் போர்டில் கம்ப்யூட்டர் என்று எழுதிச் சேர்த்துவிட்டார். நீ பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்திருந்தாய், நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு. ஒரு மெஷினுக்கு இரண்டு வாத்தியாரம்மா. மாணவர்கள் முறைவைத்து உட்காருவார்கள். ஒருத்தன் தட்ட, மற்றவர்கள் அவன் தலைக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி குளித்து முழுகி, பட்டை போட்டுக்கொண்டு வந்தார். டைப்ரைட்டர்களுக்குச் சந்தனம், குங்குமம். சுவிட்ச் போர்டுக்குச் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டருக்கு வந்ததும் சற்றுத் தயங்கினார். முகம் எது என்று அவருக்குப் புரியவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தகடு போடும் வாய்தான் முகம் என்று முடிவுசெய்து, அதன் மேலுதட்டிலேயே குழைத்த சந்தனத்தை வழிய வழிய வைத்தார். அதன்மேல் ஒரு சிட்டிகை குங்குமம். பொரிகடலைத் தட்டையும் அதன் தலையிலேயே வைத்தார். நீ துண்டால் மூடப் பாய்ந்தாய். பூஜையில் இருக்கும் சாமானைத் தொடக்கூடாது என்று உன்னைத் தடுத்துவிட்டார்.

மறுநாள் விஜயதசமி. புதிதாகச் சேர வந்த பிள்ளைகளுக்கு முன்னால் அவரே சுவிட்சைப் போட்டுத் தகட்டைச் செருகினார். கரும்பு ஆலையில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் நீ அதைக் கழற்றிப் பார்த்தாய். படிக்கிற முனை முழுக்கச் சிவப்பு, நடுவில் அரைப் பொரி. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மங்களகரமா செத்துப்போச்சுடி" என்றாய். நாம் சிரித்த சிரிப்பில் உரக்கடைக்காரர் மேலே வந்து என்ன என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை அடுத்த லீவில் வரும்போது இந்த வெளி டிரைவ் வந்தது. செத்ததை எடுத்துவிட்டு இதை உள்ளே வைக்கலாம் என்று அன்றைக்கே நீ சொன்னாய். பூஜை வைத்த சாமானை எடுத்து எறிந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று முதலாளி மறுத்துவிட்டார். ஆகவே செத்தது முதலாவதாக உள்ளே கொலுவிருந்தது. உயிரோடு இருந்தது இரண்டாவதாக வெளியே வெயிலிலும் தூசியிலும் உட்கார்ந்து எல்லா வேலையையும் செய்தது. தினமும் காலையில் மெஷினைப் போட்டதும், 'இரண்டாவதுக்குப் போ' என்று ஒரு கட்டளையைத் தட்டினால்தான் அது நகரும். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். முதலாவது செத்துக் கிடக்கும்போது இதற்கு எதற்கு இரண்டாவது என்று பெயர் என்று ஒருநாள் கேட்டேன். நீ டிரைவின் மூடியைக் கழற்றி, பச்சைப் பலகையில் இருந்த ஊசிகளைக் காட்டினாய். இரண்டு ஊசிகளைச் சேர்த்து மூடும் கறுப்புத் தொப்பி ஒன்று, மிளகளவுதான் இருக்கும். ஜம்பர் என்றாய். அது இந்த இடத்தில் இருந்தால் முதலாவது, அந்த இடத்தில் இருந்தால் இரண்டாவது.

"மெஷினுக்கு எது மொதலு எது ரெண்டுன்னெல்லாம் தெரியாதுடி. நாம வைக்கிறதுதான்."

இதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் மாறியது. ஏன் என்று நான் அப்போது கேட்கவில்லை. உன் ஊருக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

நான் குத்தாலத்துக்காரி. எங்கள் பக்கம் காவிரி தேடிவந்து வீட்டுக் கொல்லையில் நிற்கும். கடைமடை என்ற சொல்லை நான் பேப்பரில் படித்திருந்தேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஆடியில் உன்னோடு உன் ஊருக்கு வந்தேன். வாய்க்காலின் தலைப்பில் நாற்று பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. வாய்க்கால் கரையிலேயே நடந்து நடந்து கடைசிக்கு வந்தால், உன் அப்பா பாளம் பாளமாக வெடித்த வயலில் நின்றுகொண்டிருந்தார். பரம்பரையாக அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் செய்த குடும்பம் உங்களுடையது. அவர் காலத்தில்தான் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார். வாங்க முடிந்தது வாய்க்காலின் வால்நுனியில்தான். மற்ற இடத்தை யார் விற்பார்கள்?

தண்ணீர் குறைவான வருஷங்களில் வாய்க்காலில் முறை வைப்பார்கள். இன்ன வயலுக்கு இத்தனை நேரம் என்று. முறை எப்போதும் தலைப்பிலிருந்துதான் தொடங்கும். மேலே இருப்பவர் வயல் நிறைந்து, அடுத்தவர் நிறைந்து, கடைசிக்கு வருவதற்குள் ஆற்றிலேயே அடைத்துவிடுவார்கள். அதுதான் வழக்கம் என்றார்கள். வழக்கம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. நீ பேசினாய். கடைசி வயலிலிருந்து தொடங்கி மேலே வந்தால் என்ன என்று கேட்டாய். மேல் மடைகளை அடைத்தால் மொத்தத் தண்ணீரும் நேராக அடிக்குப் போகும், வாய்க்கால் நிறைந்து நிற்கும்போது தலைப்பு வயல்களுக்குக் கசிவிலேயே பாதி ஈரம் வந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இதைச் சொன்னால் கேட்பார்களா? பொம்பளைப் பிள்ளை, அதிலும் உங்கள் தெருப் பிள்ளை.

சென்டருக்குத் திரும்பிவந்து, மாணவர்கள் போன பிறகு, அதை நீ கம்ப்யூட்டர் நிரலாக எழுதினாய். கணக்கு என்னுடையது, பிடிவாதம் உன்னுடையது. ஒவ்வொரு வயலின் சொந்தக்காரர் பெயரும் பரப்பும் கேட்கும். முறை எந்த நேரம் தொடங்கி எந்த நேரம் முடிய வேண்டும் என்று வரிசையாகக் காட்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டினாய். அது காட்டிய முறையை வெள்ளைத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாய், நானும் வந்தேன். தலைப்பு வயல்காரர், அப்போது ஊரில் பெரிய கை, தாளை வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இதப் பொட்டி சொல்லுதா, பொண்ணு சொல்லுதா?" என்றார்.

நீ கண்ணை இறக்கவில்லை. "ரெண்டும்தாங்க" என்றாய்.

எத்தனை பேர் நம்பினார்கள், எத்தனை பேர் வேடிக்கைக்காகத் தலையாட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. பெட்டி சொல்கிறது என்பதில் ஒரு மரியாதை இருந்த காலம் அது. அந்த ஒரு வருஷம் கடைசியிலிருந்து முறை வைத்தார்கள். உன் அப்பா வயலில் தண்ணீர் நின்றது. தலைப்புக்காரர் வயலும் காயவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் நன்றாக வந்த வருஷங்களில் முறையே தேவைப்படவில்லை. வராத வருஷங்களில் வசதி இருந்தவர்கள் போர்வெல் போட்டுக்கொண்டார்கள். சென்டர் மூடியது. முதலாளி மெஷினை உன்னிடமே தந்துவிட்டார். நீ தஞ்சாவூரில் பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்தாய், நான் பள்ளிக்கூடத்தில். நிரல் இருந்த தகட்டை உன் அப்பா வாங்கித் தன் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அது பத்திரம் மாதிரி.

இப்போது உன் தம்பியைப் பற்றி. நீ அவனை விட்டுக்கொடுக்கமாட்டாய், அது தெரிந்தே சொல்கிறேன். அவன் நன்றாக வந்துவிட்டான். தேங்காய் வியாபாரம், இரண்டு லாரி. பாசன சங்கத்துக்குத் தலைவன். அந்தப் பெரிய கையின் பிள்ளைகள் எல்லாரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். தலைப்பு வயலை விற்றார்கள், வாங்கியவன் உன் தம்பி. இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு நீ இனிப்பு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். நானும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன். உங்கள் அப்பாவின் வால்நுனி வயலை, அவரோடு அந்தக் காலத்தில் நடவுக்குப் போன ஒருவரின் மருமகளுக்குக் கொடுத்துவிட்டான் என்பதும் அன்றைக்கே தெரிந்ததுதான்.

இந்த வருஷம் தண்ணீர் குறைவு. முறை வைக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு. தலைவன் வாயைத் திறக்கவில்லை. திறக்காவிட்டால் வழக்கம்தான் நடக்கும், வழக்கம் தலைப்பிலிருந்து தொடங்கும். அவன் மனசில் கணக்குப் போட்டுத்தான் கண்ணாடிப் பெட்டி செய்யச் சொன்னான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்காவைக் கண்ணாடிக்குள் வைத்து மாலை போட்டுவிட்டால், அக்கா என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

வேலையில் இறங்கினேன். பழைய கணினிகளைச் சேர்க்கிறவர்கள் குழு ஒன்று கைபேசியில் இருக்கிறது. அதில் கேட்டேன். ஒருவர் நீளமாகப் புத்தி சொன்னார்: அசல் பாகத்தைக் கழற்றினால் பொருளின் மதிப்பு போய்விடும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கை வைக்காதீர்கள் என்று. அசல் பாகத்துக்குள் அரைப் பொரி இருக்கிறது என்று பதில் போட்டேன். அவருக்குப் புரிந்திருக்காது.

குங்குமம் ஏறிய அந்த முதலாவதை வெளியே எடுத்தேன். குடும்பத்துக்கு ஆகாதது எதுவும் இதுவரை நடக்கவில்லை. வெளி டிரைவின் கூட்டைப் பிரித்தபோதுதான் இந்தத் தார். தஞ்சாவூர் கீழவாசலில் டேப் ரிக்கார்டர் பழுதுபார்க்கும் ஒரு கடை இன்னும் இருக்கிறது. கடைக்காரர் என் கையில் இருந்ததைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி கையில் இருந்ததைப் பார்த்தார். "டீச்சர், உங்களுக்குப் பேரப்பிள்ளைங்க யாரும் இல்லியா?" என்றார். இருந்தால் இந்த வேலைக்கு வரமாட்டேனாம். ஆனாலும் டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடி, அளவான பெல்ட் ஒன்றைக் கொடுத்தார். சுற்றும் வேகம் சரியா என்று பார்க்க நீ ஒரு வித்தை வைத்திருந்தாயே, சக்கரத்தில் கோடு போட்ட காகிதத்தை ஒட்டி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பது, வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பது. என் வீட்டில் எல்லாம் இந்தக் காலத்து விளக்கு, அதில் ஒன்றும் தெரியவில்லை. மாடிப்படிக்கு அடியில் பழைய டியூப்லைட் ஒன்று அழுதுகொண்டிருந்தது. அதற்குக் கீழே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கோடுகள் நின்றன.

வெளி டிரைவின் முகப்பு மெஷினின் வாயில் நுழையவில்லை. கொஞ்சம் அகலம். அரத்தை எடுத்து ராவினேன். டிரைவை இல்லை, மெஷினின் உடம்பையே.  முதல் இழுப்பிலேயே கோபம் வந்தது. இதைச் செய்ய வேண்டியவள் நீ. பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். உன்னைத் திட்டிக்கொண்டே ராவினேன். அழுதும்தான். அழுகையோடு ராவினால் கோடு கோணலாகும் என்று தெரிந்துகொண்டேன். மெஷினின் வலது பக்கம் இப்போது சற்றுக் கோணல்தான்.

எல்லாம் பூட்டி, சுவிட்சைப் போட்டேன். பச்சை எழுத்து வந்தது. தகட்டைப் படி என்றேன். முதல் டிரைவைக் காணவில்லை என்றது. கண்ணெதிரே உள்ளே உட்கார்ந்திருக்கிறது, காணவில்லை என்கிறது. வயரை மாற்றினேன், பெல்ட்டைப் பார்த்தேன், மறுபடி மறுபடி அதே பதில். ஒரு நாள் முழுக்க அதோடு சண்டை போட்டேன். மறுநாள் காலையில் தோசை சுடும்போது சட்டென்று உறைத்தது. டிரைவின் வீட்டை மாற்றினேனே தவிர, நீ வைத்த தொப்பியை மாற்றவில்லை. அது உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் தன்னை இரண்டாவது என்றே நினைத்துக்கொண்டிருந்தது. தோசையைக் கருகவிட்டு ஓடினேன். புருவம் எடுக்கும் இடுக்கியால் அந்த மிளகைப் பிடுங்கி அடுத்த ஊசிக்கு மாற்றினேன். மறுபடி சுவிட்ச். உள்ளே கர்ரென்று சுற்றிற்று. ஒரு கட்டளையும் தட்டாமல், தானாக, முதலாவதாக. காலித் தகடு ஒன்றைப் போட்டு எழுதி, படித்து, அழித்துப் பார்த்தேன். சொன்னதைச் செய்தது. உன் தகடு மட்டும் என்னிடம் இல்லை. அது ஊரில் உன் தம்பியிடம் இருந்தது. இத்தனை வருஷம் தகரப் பெட்டியில் வெந்த தகட்டில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்பது அங்கே போனால்தான் தெரியும்.

நினைவு நாளன்று காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஃபிளக்ஸில் உனக்கு உதட்டுச்சாயம் போட்டிருந்தார்கள். நீ பார்த்திருந்தால் பந்தலே எரிந்திருக்கும். கூடத்தின் மூலையில் தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி தயாராக நின்றது, உள்ளே விளக்கும் எரிந்தது. நான் மெஷினை மேஜைமேல் வைத்து வயர்களை மாட்டினேன். உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி சந்தனக் கிண்ணத்தோடு நேராக டிரைவின் வாய்க்கு வந்தாள். அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் கிண்ணத்தை உன் படத்துக்கு எடுத்துப்போனாள்.

உன் தம்பி தகட்டைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். நான் மெதுவாகச் செருகினேன். டிரைவ் சுற்றியது, நின்றது, திக்கியது, மறுபடி சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். உன் தம்பி கண்ணாடிப் பெட்டிப் பக்கம் ஒருமுறை பார்த்ததை நான் பார்த்தேன்.  தோற்றால் உன்னை அந்த விளக்குக்குக் கீழே விட்டுவிட்டுப் போக வேண்டும். நான் மறுபடி தட்டினேன். மறுபடி திக்கியது. மூன்றாவதாகத் தட்டினேன். அப்போது வந்தது, பச்சையில், ஆங்கில எழுத்தில் நீ தட்டிய தமிழ்:

கடைசி வயல் யாருடையது?

உன் வாயால் கேட்ட மாதிரி இருந்தது. நான் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன்.  பின்வரிசையிலிருந்து அந்த மருமகள் எழுந்து, "எங்களுதுங்க" என்றாள். பெயரும் பரப்பும் தட்டினேன். அதற்கு மேல் வயல் யாருடையது என்று கேட்டது. ஒருவர் சொன்னார். அதற்கு மேல்? இன்னொருவர். ஒவ்வொரு பெயராகக் கூடம் முழுக்க ஒரு கலகலப்பு ஏறியது. வயதானவர்கள் தங்கள் அப்பா பெயரைச் சொல்லி, அது பழசு என்று சிரித்துத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். கடைசியில் தலைப்பு வந்தது. உன் தம்பி கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எழுதிக்குங்கக்கா. நம்மளுதுதான்" என்றான்.

திரையில் முறை வந்தது. அந்த மருமகள் முதலில். உன் தம்பி கடைசியில்.

அவன் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "வரிசைய மேலேருந்து மாத்திப் போட முடியாதாக்கா?" என்றான்.

நான் குரலைத் தாழ்த்தவில்லை. "முடியும் தம்பி. ஒரே ஒரு வரிதான். உங்கக்கா எழுதுன வரி. நான் கை வைக்க மாட்டேன். எந்த வரின்னு காட்டுறேன், நீயே மாத்து."

அந்த வரியைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தி, நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அவன் உட்கார்ந்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. விரலை விசைமேல் கொண்டுபோனான். உன் அப்பாவின் விரல் மாதிரியே குட்டையான விரல். எடுத்துவிட்டான். "கெடக்கட்டும்" என்றான். பிறகு எழுந்து, மைக்கைக் கையில் வாங்கி, கடைசி வயலிலிருந்து ஒவ்வொரு பெயராக அவனே படித்தான். தன் பெயரையும் படித்தான்.  யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் தங்கள் முறையைக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் வந்த அன்றைக்கு நானும் போயிருந்தேன். உன் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, தன் மடையைத் தானே களிமண் வைத்து அடைத்தான். ஆள் வைத்துச் செய்திருக்கலாம். தானே செய்தான். தண்ணீர் அவன் வயலைத் தாண்டி, கலங்கலாக, நுரையும் சருகுமாகக் கீழே போயிற்று. நான் அதோடு கூடவே கரையில் நடந்தேன். முழங்கால் வலித்தது. கடைசி வரைக்கும் நடந்தேன்.

மெஷின் கூடத்தில் மேஜைமேல் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியை ரேஷன் அட்டைகள் வைக்க எடுத்துக்கொண்டார்கள். சந்தனம் யாரும் வைக்கவில்லை என்று கிண்ணத்தோடு வந்த அந்தப் பெண் போனில் சொன்னாள்.

இப்போது எனக்கு ஒரு நோய் பிடித்துவிட்டது, உன்னால்தான். எங்கே வரிசையில் நின்றாலும் பின்னால் திரும்பி, கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். போன வாரம் ஆஸ்பத்திரியில் டோக்கன் வரிசையில், எல்லாருக்கும் பின்னால் கைக்குழந்தையோடு நின்றவளைக் கூப்பிட்டு முன்னால் அனுப்பினேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் கத்தினார்கள். வழக்கம் தெரியாதா என்று ஒருவர் கேட்டார். தெரியும் என்றேன். இன்னும் திட்டினார்கள். திட்டட்டும்.